காருக்கு உரிக்கிற ரப்பர் பெயிண்ட் அடிக்கலாமா? அடிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க

நாலாவது_கியர்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இதுதான் முதல் கேள்வி. என் வண்டிக்கு 9 வயசு, சில்வர் கலர், இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல ஆனா பாக்கத்தான் வயசானது தெரியுது. பானட்டும் மேல்கூரையும் வெளுத்துப்போய் மங்கலா இருக்கு, கூரையோட பின் ஓரத்துல ரெண்டு மூணு இடத்துல வெள்ளையா திட்டு மாதிரி. முன் பம்பரும் இடது பக்க முன் கதவும் ஒரு தடவை இடிபட்டு வெளில குடுத்து பெயிண்ட் அடிச்சது, நான் வாங்குறதுக்கு முன்னாடி வேற என்னென்ன வேலை நடந்துச்சோ தெரியல.

இப்ப இந்த பிளாஸ்டி டிப் மாதிரி ரப்பர் பெயிண்ட் வீடியோ நாலஞ்சு பாத்துட்டு மனசு அலைபாயுது. மேட் கரும்சாம்பல் அடிச்சா வண்டி ஆளே மாறிடும்னு தோணுது. பிடிக்கலனா உரிச்சு எறிஞ்சிடலாம், அடில இருக்கிற பெயிண்ட் அப்படியே இருக்கும்னு சொல்றாங்க, அதுதான் என்னை இழுக்குது. ஸ்ப்ரே கேன் வாங்கி நானே ஷெட்டுல வச்சு அடிக்கலாம்னு ஐடியா. ரெண்டு வருஷத்துல வண்டிய குடுத்துடுவேன். அடிக்கலாமா வேணாமா? உரிக்கிறது நெஜமாவே அவ்ளோ ஈசியா?

பழைய_டீசல்:
ரெண்டு வருஷத்துல குடுக்கப்போற வண்டிக்கு எதுக்கு இந்த வேஷம், நல்லா ஒரு ரப்பிங் பாலிஷ் போட்டு கழுவி வச்சுக்கோங்க. வாங்க வர்றவன் மேட் கலர் பாத்தா முதல் கேள்வியே அடில என்ன மறைச்சிருக்கீங்கன்னுதான் கேப்பான்.

உரிச்ச_கை:
நான் முழு வண்டி அடிச்சு, ரெண்டரை வருஷம் ஓட்டி, உரிச்சும் ஆச்சு. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு. இது காருக்குன்னு பொறந்த சரக்கே இல்ல. கட்டிங் பிளையர், ஸ்பேனர் கைப்பிடிய டப்பாக்குள்ள முக்கி எடுத்து ரப்பர் உறை மாதிரி ஆக்குவாங்கல்ல, அதுக்கு வந்தது. அந்த அமெரிக்க கம்பெனி 1972ல ஆரம்பிச்சது, காருக்கு அடிக்கிற மோகம் எல்லாம் ரொம்ப பின்னாடி. ஏன் சொல்றேன்னா பெயிண்ட்டுனு நெனச்சு அடிச்சா சொதப்பும். பெயிண்ட்டு மெல்லிசா இருந்தா அழகு, இது தடிமனா இருந்தாத்தான் வேலைக்கு ஆகும். உரியறதே அந்த தடிமனாலதான். மெல்லிசா அடிச்சா உரிக்கும்போது முழுத்தாளா வராது, நகத்துல சுரண்டி சுரண்டி பொடிப்பொடியா எடுக்கணும், அழுகையே வந்துடும்.

முதல் கோட்டு முழுசா மூடவே கூடாது, பழைய கலர் பாதி தெரியுற மாதிரி லேசா தூவி விடணும், அது பிடிமானத்துக்கு. அதுக்கு மேல அஞ்சாறு கோட்டாச்சும் ஈரமா, ஒரே சீரா வரணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 15, 20 நிமிஷம், மேல பளபளப்பு அடங்குறவரைக்கும் விட்டாப் போதும். கடைசி கோட்டு முடிஞ்ச உடனே, ஈரம் காயிறதுக்குள்ள மாஸ்கிங் டேப்ப எடுத்துடணும். நான் என்ன பண்ணேன், ராத்திரி ஆயிடுச்சு காலைல எடுத்துக்கலாம்னு தூங்கப் போயிட்டேன். காலைல டேப்ப இழுத்தா கூடவே ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரும் கிளம்பி வருது. ஜன்னல் ஓரம் பூரா பிளேடு வச்சு கீறி கீறி எடுத்தேன், ஒரு இடத்துல பிளேடு உள்ள பெயிண்ட்டையும் கீறிடுச்சு, அது இன்னிக்கும் இருக்கு.

ஸ்ப்ரே கேன்ல முழு வண்டியா? வேண்டவே வேணாம் ப்ரோ. கேன் மூக்கு விசிறி அகலம் ஒரு கை அளவுதான் வரும், பானட் மாதிரி பெரிய இடத்துல அடிச்சா காய்ஞ்சப்புறம் வரி வரியா புலி மாதிரி நிக்கும். வெயில்ல தெரியாது, சாயந்திர வெளிச்சம் சாய்வா விழும்போது மொத்தமும் காட்டிக்குடுக்கும். முழு வண்டிக்கு டப்பா சரக்கு, அதுக்குனு காத்து ஊதுற ஸ்ப்ரே கன்னு மெஷின் வேணும். என் செடானுக்கு கலந்து தயாரா வர்ற சரக்கே 15 லிட்டர் பக்கம் போச்சு. அதையும் தாண்டி கழுவுறது, துடைக்கிறது, கண்ணாடி லைட்டு நம்பர் பிளேட்டு மறைக்கிறதுன்னு ஒருநாள் முழுக்க தின்னுடும், அடிக்கிறது என்னவோ அரை நாள்தான்.

அடிச்சப்புறம் எப்படி இருந்துச்சுன்னா, முதல் ஆறு மாசம் தலைகால் புரியல. சிக்னல்ல நின்னா பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பாப்பான். அப்புறம் பெட்ரோல் போடுற மூடிக்கு கீழ ஒரு கோடு மாதிரி வழிஞ்சு கொழகொழன்னு ஆச்சு. பெட்ரோல் பட்டா இது கரைஞ்சிடும். தெறிச்ச உடனே துடைக்கலாம்னு தேச்சேன், தேச்சதுதான் தப்பு, அப்படியே ஆவியா போக விட்டிருந்தா கொஞ்சம் தப்பிச்சிருக்கும். ரெண்டாவது தடவை அந்த மூடிய சுத்தி மட்டும் உரிச்சு திரும்ப அடிச்சேன். அப்படி ஒரு பேனல மட்டும் மாத்திக்கலாம், அது இதுல ஒரு வசதி, ஒத்துக்கறேன்.

உரிச்ச கதை கேட்டீங்களே. கதவு, டிக்கி எல்லாம் ஓரத்துல விரலால தேச்சு ஒரு முனைய கிளப்பி இழுத்தா பாம்பு சட்டை உரிச்ச மாதிரி ஒரே தாளா வந்துச்சு, அந்த சுகத்துக்காகவே இன்னொரு தடவை அடிக்கலாம் போல இருந்துச்சு. ஆனா கதவு உள்மடிப்பு, பம்பர் ஓரம், கண்ணாடி பீடிங் பக்கம் எல்லாம் கன் சரியா போகாம மெல்லிசா விழுந்த இடம், அங்கதான் ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. அந்த மாதிரி இடத்துக்கு மேலயே இன்னும் ரெண்டு மூணு கோட்டு புதுசா அடிச்சு தடிமனாக்கி, காய விட்டு உரிங்க, பழசும் சேர்ந்து வந்துடும். இத எனக்கு யாரும் முன்னாடி சொல்லல.

நாலாவது_கியர்:
ஆத்தாடி, இவ்ளோ விவரமா! ரொம்ப நன்றி. அப்ப கேன் ஐடியா அவுட்டு. மெஷின் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைச்சா முழு வண்டி அடிக்கலாம்ல?

டிங்கர்_மாமா:
தம்பி கொஞ்சம் பொறுங்க. எல்லாரும் எப்படி அடிக்கிறதுன்னே பேசுறீங்க, எது மேல அடிக்கப்போறார்னு யாரும் கேக்கல. நான் பெயிண்ட் பூத்துல 20 வருஷம் நின்னவன். கூரையில வெள்ளைத் திட்டுன்னு எழுதினீங்க பாருங்க, நான் அங்கயே நின்னுட்டேன்.

கம்பெனி பெயிண்ட்ல அடில பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட்டு. மூணும் சேர்ந்து தலைமுடி ரெண்ட பக்கத்துல வச்ச அளவுதான் இருக்கும், 100ல இருந்து 150 மைக்ரான்னு வச்சுக்கோங்க. அதுல கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான். வெயில் தின்னது அந்த கிளியரைத்தான். வெறுமனே மங்கியிருந்தா பாலிஷ்ல திரும்பும். வெள்ளையா திட்டு திட்டா இருந்தா அங்க கிளியர் கலர விட்டு பிரிய ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல ரப்பர அடிச்சா என்ன ஆகும்? இப்போதைக்கு அழகா மூடிடும். உரிக்கும்போது ரப்பர் கிளியர பிடிச்சிருக்கும், கிளியர் கலர பிடிச்சிருக்காது. எது விடும்னு நீங்களே சொல்லுங்க. கிளியரும் சேர்ந்து தாள்தாளா வந்துடும். அடில இருக்கிறது அப்படியே இருக்கும்னு சொல்றது பொய் இல்ல, அடில இருக்கிறது கெட்டியா இருந்தா மட்டும்தான் அது உண்மை.

மறுபெயிண்ட் அடிச்ச பம்பர், கதவு ரெண்டும் இதே கதைதான். நல்லா தேச்சு பிரைமர் போட்டு அடிச்சிருந்தா பயமில்ல. அவசரத்துக்கு கழுவாமகூட மேலாக அடிச்சிருந்தா ரப்பரோட அந்த பெயிண்ட்டும் விடைபெறும். பம்பர் பிளாஸ்டிக்குங்கிறதால அங்க இன்னும் ஜாஸ்தி, பிளாஸ்டிக்குக்குன்னு தனி பிரைமர் உண்டு, அத நிறைய பேரு போடுறதே இல்ல. புதுசா அடிச்ச பெயிண்ட்டா இருந்தா மாசம் ஒண்ணாச்சும் காய விட்டுட்டுத்தான் மேல எதையும் அடிக்கணும், உங்களுது பழசுங்கிறதால அந்த கவலை இல்ல.

இப்ப ஒரு காரியம் பண்ணுங்க. நல்லா ஒட்டுற டேப்பு, மாஸ்கிங் டேப்பு இல்ல, பார்சல் ஒட்டுற பழுப்பு டேப்பு, அத கூரைத் திட்டு ஓரத்துல, பம்பர் ஓரத்துல, கதவுல கல்லடி பட்ட புள்ளி மேல ஒட்டி நல்லா தேச்சு, வெடுக்குனு இழுங்க. டேப்போட எதாச்சும் வந்துச்சுன்னா ரப்பரோட எல்லாமே வரும். பெயிண்ட் தடிமன் அளக்கிற மீட்டர் யார்கிட்டயாச்சும் இருந்தா கதவுக்கு கதவு வச்சுப் பாருங்க, ஒரு பேனல் மட்டும் 300, 400னு காட்டுச்சுன்னா அங்க பட்டி பாத்து அடிச்சிருக்காங்க. நீங்க வாங்குறதுக்கு முன்னாடி நடந்த கதையும் வெளில வந்துடும்.

அப்புறம் துரு. எங்கயாச்சும் கொப்பளம் இருந்தா அதுக்கு மேல அடிக்காதீங்க. மேல மூடி வச்சாலும் உள்ள ஏற்கனவே இருக்கிற ஈரத்தோட அது பாட்டுக்கு தின்னுட்டே இருக்கும், உங்க கண்ணுக்குத்தான் தெரியாது.

கூட்டல்_கழித்தல்:
மாமா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், ஸ்டிக்கர் ராப் பண்ணிக்கலாமேன்னு அடுத்து யாராச்சும் வருவீங்க. அதுவும் உரிக்கும்போது இதே மாதிரிதான் பிரிஞ்ச கிளியர இழுத்துட்டு வரும், ஸ்டிக்கர் பசை ரப்பரைவிட கெட்டி. ராப் 5 வருஷத்துக்கு மேலயும் தாங்கும், பெட்ரோல் பட்டாலும் உடனே ஒண்ணும் ஆகாது, கழுவுறது சுலபம், ஆனா வளைவுல ஒட்டத் தெரிஞ்ச கை வேணும். ரப்பர் மூணு வருஷம்னு வச்சுக்கோங்க, அதுக்கு மேல விட்டா வெயில்ல காஞ்சு விறைப்பாகி உரிக்கும்போது துண்டு துண்டா வரும். வருஷத்துக்கு இவ்ளோன்னு கணக்கு போட்டா ரெண்டுக்கும் வித்தியாசம் நீங்க நெனைக்கிற அளவு இல்ல. மெஷின், மாஸ்க், வீணாப்போன சரக்கு, ரெண்டு ஞாயித்துக்கிழமை இதையெல்லாம் யாரும் கணக்குல சேக்கறதில்ல.

உரிச்ச_கை:
ஞாயித்துக்கிழமைய கணக்குல சேத்தா நான் ஒண்ணுமே பண்ண முடியாது சார் 😄 எனக்கு அந்த வேலையே பொழுதுபோக்கு.

மூக்குப்பொடி:
ஷெட்டுல வச்சு அடிக்கப்போறேன்னு கேள்வியில இருந்துச்சே, அத யாரும் தொடாம போறீங்க. அது சாதாரண நாத்தம் இல்ல, டொலுயீன், சைலீன், நாப்தா மாதிரி தின்னர் வகையறா ஆவி. மூடின ஷெட்டுல அடிச்சா தலை சுத்தும், இன்னொண்ணு அந்த ஆவி காத்தைவிட கனம், கீழ தரையோட படிஞ்சு நகரும். மூலையில ஒரு வாட்டர் ஹீட்டர் பைலட் எரிஞ்சா, ஒரு ஸ்விட்ச்சுல பொறி பறந்தா போதும். ரெண்டு பக்கமும் தெறந்த இடம்தான் வேணும். மூஞ்சிக்கு துணி கட்டுறது, தூசி மாஸ்க் போடுறது எல்லாம் பெயிண்ட் துளிய வேணா பிடிக்கும், ஆவிய பிடிக்காது. கரி கேட்ரிட்ஜ் வச்ச மாஸ்க்தான் வேணும். எனக்கு ஒருதடவை நாலு வீலுக்கு அடிச்சதுக்கே சாயந்திரம் வரைக்கும் மண்டை இடி, முழு வண்டின்னா யோசிச்சுக்கோங்க.

தெறந்த இடம்னதும் வெட்டவெளி வெயில்ல போய் நிக்காதீங்க. தகடு சுட்டா துளி விழுறதுக்குள்ளயே காஞ்சு சொரசொரன்னு ஆயிடும். காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கிற அன்னிக்கு அடிச்சா வெள்ளை பூத்த மாதிரி ஆயிடும். 20ல இருந்து 25 டிகிரி, நிழல், காத்து அடிக்காத காலை, அப்படி ஒரு நாள் பாத்து பண்ணுங்க. இதெல்லாம் ஒண்ணா அமையுற நாள்ல எனக்கு ஆபீஸ் இருக்கும், அது வேற விஷயம்.

ரெண்டாம்_சாவி:
ஒரு சின்ன விஷயம், வண்டி கலர் பதிவு பேப்பர்ல இருக்கும். பல நாடுகள்ல கலர் மாத்தினா பதிவு அலுவலகத்துலயும் இன்சூரன்ஸ்லயும் சொல்லியே ஆகணும், உரிக்கக்கூடியதுதானேன்னு விட மாட்டாங்க. உங்க ஊர் விதிய முன்னாடியே கேட்டுக்கோங்க. வீல், கிரில், பேட்ஜ் மாதிரி சில்லறை இடம்னா இந்த தொல்லை பெரும்பாலும் இல்ல.

நாலாவது_கியர்:
டேப் போட்டுப் பாத்தேன். சொல்லவே கஷ்டமா இருக்கு.

கதவு தப்பிச்சுது, ஒண்ணும் வரல. பம்பர்ல கீழ் ஓரத்துல ஒரு நகம் அளவுக்கு பெயிண்ட் டேப்போட வந்துடுச்சு, கீழ கருப்பு பிளாஸ்டிக் பல்ல காட்டுது, பிரைமர் எதுவும் கண்ணுல படல. கூரையில திட்டு ஓரத்துல ஒட்டி இழுத்தேன், டேப்பு பூரா கண்ணாடித்தாள் மாதிரி ஒட்டிட்டு வந்துச்சு, திட்டு இப்ப முன்னைவிட மூணு மடங்கு. ரப்பர் அடிச்சிருந்தா ரெண்டு வருஷம் கழிச்சு மொத்த கூரையும் கையோட வந்திருக்கும். மாமா, உங்களுக்கு ஒரு கும்பிடு.

அப்ப கூரையில என்னதான் பண்றது?

டிங்கர்_மாமா:
பிரிஞ்ச கிளியருக்கு பாலிஷ் எல்லாம் மருந்தில்ல தம்பி. ஓரம் வரைக்கும் தேச்சு எடுத்து, கலரும் கிளியரும் புதுசா அடிக்கணும், அது ஒண்ணுதான் வழி. இல்ல, குடுக்கிறவரைக்கும் அப்படியே விடுங்க, வாங்க வர்றவர்கிட்ட காட்டியே குடுங்க. இன்னொரு வழியும் இருக்கு. உரிக்கவே போறதில்லன்னு முடிவு பண்ணி கூரைக்கு மட்டும் அடிச்சுக்கலாம், நிறைய பேரு அப்படி பண்றாங்க, நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அப்ப அது உரிக்கிற பெயிண்ட் இல்ல, போர்வை. வாங்குறவன் உரிச்சுப் பாத்தா உங்களைத்தான் திட்டுவான்.

பழைய_டீசல்:
நான் ரெண்டாவது ஆளா வந்து சொன்னதத்தான் இவ்ளோ பேரு சேர்ந்து சுத்தி வளைச்சு சொல்லியிருக்கீங்க.

டிங்கர்_மாமா:
அண்ணே, நீங்க பாலிஷ் போடச் சொன்னீங்க. பிரிஞ்ச கிளியர் மேல ரப்பிங் மெஷின வச்சிருந்தா டேப்புக்கு முன்னாடி அது கிழிச்சிருக்கும்.

பழைய_டீசல்:
சரி சரி, கழுவி வச்சுக்கோங்கன்னும்தான் சொன்னேன். அதுல தப்பில்லல்ல.

உரிச்ச_கை:
நாலாவது_கியர், ஆசைய முழுசா விட்ராதீங்க. அலாய் வீல்ல அடிச்சுப் பாருங்க. சின்ன இடம், கேனே போதும், நாலு வீலுக்கு நாலு கேன் கணக்கு. சொதப்பினாலும் ஒரு சாயந்திர வேலை. வீல கழட்டி அடிச்சா நல்லது, முடியலனா டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல பழைய விசிட்டிங் கார்டு, சீட்டுக்கட்டு எதையாச்சும் சுத்தி சொருகி வச்சு அடிங்க. பிரேக் தூசி கிரீஸ் எல்லாம் போறவரைக்கும் சோப்பு தண்ணில கழுவி, கடைசியா ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைங்க. வேக்ஸ் எதுவும் மிச்சம் இருந்தா ஓரம் நிக்காது, தானா கிளம்பும். போல்ட்டு உக்கார்ற குழியில மட்டும் துளிகூட படாம மறைச்சிடுங்க, அங்க ரப்பர் இருந்தா போல்ட்டு சரியா இறுகாது.

நாலாவது_கியர்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். நாலு வீலும் மேட் கரும்சாம்பல் அடிச்சாச்சு. தெறந்த போர்ட்டிகோவுல, கேட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு, காலைல 7 மணிக்கே ஆரம்பிச்சேன். முதல் வீல்ல அவசரப்பட்டு மூணு கோட்டோட நிறுத்திட்டேன், கம்பிக்கு உள்பக்கம் பழைய சில்வர் எட்டிப் பாத்துச்சு. சரி உரிச்சுப் பாத்துடுவோம்னு மறுநாள் முனைய கிளப்பினா உரிச்ச_கை சொன்ன மாதிரியே பொடிப்பொடியா வருது. மேலயே இன்னும் நாலு கோட்டு அடிச்சு காய விட்டு திரும்ப இழுத்தேன், அப்படியே கையுறை கழட்டின மாதிரி முழு வீலும் ஒரே தாளா வந்துச்சு. பக்கத்து வீட்டு பசங்க மூணு பேரும் இன்னொரு தடவை பண்ணுங்க அங்கிள்னு நின்னுட்டாங்க. அப்புறம் அந்த வீல திரும்ப ஏழு கோட்டு அடிச்சு முடிச்சேன்.

மழையில ரெண்டு தடவை ஓட்டியாச்சு, ஒண்ணும் ஆகல. மேட் பரப்புங்கிறதால பிரேக் தூசி முன்னைவிட நல்லாவே ஒட்டுது, வாரத்துக்கு ஒருக்கா துணிய எடுக்க வேண்டியிருக்கு. கூரைய அப்படியே விட்டுட்டேன், ஓரத்துல பிரிஞ்சது இன்னும் ஓடாம இருக்க யாருகிட்டயாச்சும் எதாச்சும் யோசனை இருக்கா?

மூக்குப்பொடி:
மாஸ்க் போட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கே ஒரு லைக். பிரஷர் வாஷர் மூக்க அந்த திட்டு பக்கம் கொண்டு போகாதீங்க, வீல் ஓரத்துக்கும் அதேதான். ரெண்டுமே தண்ணி உள்ள பூந்துச்சுன்னா கிளம்பிடும்.

டிங்கர்_மாமா:
நிழல்ல நிறுத்துங்க. துணி கவர் போடுறதா இருந்தா கூரைய சுத்தமா கழுவிட்டுப் போடுங்க, தூசியோட போட்டா கவரே உப்புத்தாள் மாதிரி தேச்சிடும். வீல் போட்டோ போடுங்க பாப்போம்.